மூன்று டர்ன் விதி

செம்பாக்கம்,
9 பிப்ரவரி 2025

செல்வி வினிதா ராஜகோபாலுக்கு, அண்டவெளியின் ஆதிக் குடியேற்றக்காரனும் தாம்பரம் தாலுக்காவின் தலைசிறந்த ஜெராக்ஸ் கடை முதலாளியுமான உன் சித்தப்பா அரிகிருஷ்ணன் எழுதுவது. என் வலது முழங்காலைத் தவிர மற்ற உறுப்புகள் சௌக்கியம். சுவீடன் குளிரில் உன் மூக்கு கழன்று விழாமல் இருக்கிறதா என்று தெரிவிக்கவும்.

போன வருஷம் நீ போட்ட மூன்று கடிதங்களும் கிடைத்தன. நான் பதில் போடவில்லை என்று நினைத்திருப்பாய். போட்டேன். முதல் பதிலைப் போட்ட அன்று செம்பாக்கம் ஏரி எழுந்து நடந்து வந்து தபால்பெட்டியை விழுங்கிவிட்டது. இரண்டாவதை ஒரு மாடு தின்றது. அந்த மாடு இப்போது இலக்கணத்தோடு கத்துகிறதாம். மூன்றாவது பதிலின் கனம் தாங்காமல் விமானம் மீனம்பாக்கத்தில் தரையை விட்டு எழும்பவே இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கம்பெனி விடப்போகும் 'தொலைகரை' விளையாட்டின் டிரெய்லரை யூடியூபில் பார்த்தேன். இரண்டு நிமிஷப் படத்தை அறுபத்தெட்டு தடவை. இரண்டு சூரியன்கள், ஊதா நிற மண், அதன்மேல் இட்லித் தட்டைக் கவிழ்த்த மாதிரி குமிழ் வீடுகள், ஆளுக்கொரு முறை என்று டர்னுக்கு ஓர் அடியாக நகரும் கப்பல்கள். கடைக்கு வந்தவர்களின் ஆதார் அட்டையை எல்லாம் தலைகீழாக ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டேன். அப்புறம்தான் பார்த்தேன், திரையின் மூலையில் ஒரு கடித உறை. பக்கத்தில் 3. டர்ன் போகப் போக 2, 1 என்று குறைகிறது.

அது என் விதி. நீ ஒன்பதாவது படிக்கும்போது சார்ட் பேப்பரில் அறுகோணக் கட்டம் போட்டு, லேமினேஷன் பண்ணி, சோடா மூடிகளைக் கப்பலாக்கி நாம் ஆடிய ஆட்டத்துக்கு நான் எழுதியது. நீ கோயம்புத்தூரில் படித்த நாலு வருஷமும் கடிதத்துக்கு ஒரு டர்ன் என்று தபாலில் ஆடினோமே, அதே ஆட்டம். 'குடியேறிப் போன கிரகம் மூன்று டர்ன் கடிதம் போடாவிட்டால், தாய்க்கிரகம் அதை வரைபடத்திலிருந்து அழித்துவிடலாம்.'

எதிரே இருக்கும் சார்பதிவாளர் ஆபீசில் முகம் தெரியாத ஜனங்களுக்கெல்லாம் இருபத்தாறு வருஷமாகச் சாட்சிக் கையெழுத்துப் போட்டு வருகிறேன். அந்தக் கையெழுத்துகளைக் கோத்துக் கட்டினால் மறைமலை நகர் போய்த் திரும்பும். அப்பேர்ப்பட்டவன் பெயர் உங்கள் ஆட்டத்தின் கடைசியில் ஓடும் பட்டியலில் இல்லாவிட்டால் நன்றாக இருக்காது. பட்டம்: விண்ணுலக விதிகர்த்தா.

ஆட்டம் எப்போது வரும்? தூக்கம் போய்விட்டது.

ஆசிகள் ஆயிரம் டன்.
சித்தப்பா

*

மால்மோ,
3 மார்ச் 2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நானும் ஃபயாஸும் நலம். மூக்கு இருக்கிறது. முழங்காலை டாக்டரிடம் காட்டினீர்களா? அம்மாவின் சர்க்கரை எவ்வளவு என்று எழுதுங்கள். போனில் கேட்டால் "எல்லாம் இருக்கு" என்று வைத்துவிடுகிறார். அப்பா பக்கத்தில் இருப்பார் போல.

ஏரி, மாடு, விமானம் மூன்றையும் படித்தேன்.

அது உங்கள் விதியிலிருந்து வந்ததுதான். இங்கே விதிகள் எழுதும் குழுவில் நாங்கள் நாலு பேர். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அதைச் சொன்னேன். உங்கள் பெயரைப் பட்டியலுக்குக் கொடுத்துவிட்டேன். பட்டமெல்லாம் போட மாட்டார்கள்.

ஆட்டம் ஏப்ரல் 24 அன்று வருகிறது. உங்கள் கடைக் கம்ப்யூட்டரில் ஓடாது.

உறையில் 'செல்வி' என்று எழுதியிருந்தீர்கள். தபால்காரர் சரியாகத்தான் கொண்டுவந்து கொடுத்தார். ஆனாலும் அது தப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
வினிதா

*

செம்பாக்கம்,
30 மார்ச் 2025

வினிதாவுக்கு, கொதிநிலையைத் தாண்டிவிட்ட சித்தப்பா எழுதுவது. முழங்கால் சுகம். அண்ணியின் சர்க்கரை நூற்று அறுபது. இனி சுகமில்லாத செய்திகள்.

ஏப்ரல் 24 என்றாய். நம்பினேன். புதுக் கம்ப்யூட்டர் வாங்கினேன். அதைப் பெட்டியோடு வீட்டுக்குள் கொண்டுவந்தபோது உன் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாடா அது, பொணப்பொட்டி கணக்கா?"

"கம்ப்யூட்டர்ணா. கடைக்கு."

"ஜெராக்ஸ் எடுக்கறதுக்கு இவ்ளோ பெரிய பொட்டியா? எவன் தலையில மொளகா அரைக்கப் பாக்குற?"

பெட்டியை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மறுநாளே கடைக்கு மாற்றி, 'தொலைகரை'யை முன்பதிவு செய்து, நாள்காட்டியில் ஒவ்வொரு தேதியாகக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலு நாள் முன்னால் உங்கள் கம்பெனி ஓர் அறிவிப்பு விடுகிறது: செப்டம்பர் 11க்குத் தள்ளிவைப்பு. ஆட்டத்தை 'மெருகேற்ற' வேண்டுமாம். அது என்ன பித்தளைக் குத்துவிளக்கா?

என் கோபத்தை நீ நேரில் பார்க்கவில்லை. கடையின் மேல் பறந்த இரண்டு காக்கைகள் அப்படியே வறுபட்டு விழுந்தன. வேளச்சேரி ரோட்டில் தார் இளகியதற்கு வெயில் காரணம் என்று பேப்பரில் போட்டார்கள். காரணம் நான்.

சும்மா விடுவேனா? இருபது ரூபாய் முத்திரைத்தாள் எடுத்து, நானே டைப் அடித்து, பக்கத்து டீக்கடை தனசிங்கைச் சாட்சியாகப் போட்டு, உங்கள் கம்பெனி முதலாளிக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். 'மேற்படி ஆட்டத்தை மேற்படி தேதியில் ஒப்படைக்கத் தவறியமையால் எனக்கு ஏற்பட்ட மன உளைச்சலுக்கு ஈடாக ஒரு சிறிய கிரகம் கிரயம் செய்து தரவும்.' தனசிங் கையெழுத்துப் போட்டுவிட்டு, "எனக்கு அதுல ஒரு மூல கெடைக்குமா சார்?" என்று கேட்டான்.

சொன்ன தேதிக்கு வராதவர்களை நான் மன்னிப்பதே இல்லை.

தாமதத்துக்குக் காரணம் என்ன? உடனே எழுது.

சித்தப்பா

*

மால்மோ,
21 ஏப்ரல் 2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே பனி உருகிவிட்டது. எனக்கிருந்த இருமலும் போய்விட்டது. அங்கே வெயில் ஏறியிருக்கும், மோர் குடியுங்கள்.

உங்கள் நோட்டீஸ் வந்தது. மொழிபெயர்த்துச் சொன்னேன். சட்டம் போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கிறார்கள்.

தாமதத்துக்குக் காரணம் நான். சரியாகச் சொன்னால், மூன்று டர்ன் விதி. அதை நான் மாற்றியிருக்கிறேன். சோதனைக்கு ஆடியவர்களில் பாதிப் பேருக்கு அது பிடிக்கவில்லை, எடுக்கச் சொன்னார்கள். எடுக்க மாட்டேன் என்று நான் சண்டை போட்டேன். கடைசியில் மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஏற்ற மாதிரி திருத்த வேண்டியதாகிவிட்டது. அதற்குத்தான் ஐந்து மாதம்.

இப்போது விதி இது: 'குடியேற்றம் அனுப்பும் கடிதத்துக்குத் தாய்க்கிரகம் மூன்று டர்ன் பதில் போடாவிட்டால், குடியேற்றம் சுதந்திரமாகிவிடும். பிறகு தாய்க்கிரகத்துக்கு அதன்மேல் எந்த உரிமையும் இல்லை.'

சொன்ன தேதிக்கு வராதவர்களைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதைப் பலமுறை படித்தேன்.

வினிதா

*

செம்பாக்கம்,
11 மே 2025

வினிதா,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. கத்திரி வெயில் நூற்றுப் பத்து டிகிரி என்றால் நான் நூற்று அறுபது. உன் கடிதத்தைப் படித்ததும் என் உச்சந்தலையிலிருந்து கிளம்பிய ஆவியில் தனசிங் நாற்பது டீ போட்டான்.

என் விதியைத் தலைகீழாக்க உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? யார் யாரை விட்டுப் போனது? போனது குடியேற்றம். போனவர்கள்தான் எழுத வேண்டும். தாய்க்கிரகம் பாவம், அங்கேயே உட்கார்ந்து ஆக்ஸிஜன் தயாரித்துக்கொண்டு, சாப்பாட்டுக் கப்பல் அனுப்பிக்கொண்டு, வயசாகிக்கொண்டு இருக்கிறது. அது பதில் போடவில்லை என்றால் அதற்கு ஆயிரம் வேலை. இதைப் போய் ஒரு குற்றம் என்று எழுதி, சம்பளம் வாங்கிக்கொண்டு, உலகம் பூராவும் விற்கப்போகிறாயா?

உன் விதி செல்லாது என்று நிரூபிக்க, நம் பழைய லேமினேஷன் பலகையைத் தூசு தட்டி எடுத்து தனசிங்கோடு ஆடினேன். நான் பூமி. அவன் குடியேற்றம். ஒன்பதாவது டர்னில் அவன் கிரகத்தில் நட்டிருந்த என் கொடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டான்.

"என்னய்யா பண்ற?"

"மூணு கடுதாசி போட்டேன் சார். நீங்க சுரங்கம் தோண்டிக்கினு இருந்தீங்க. நான் போறேன்."

"அதெப்படிப் போவ? உனக்குக் கப்பல் அனுப்பிச்சவன் நானு."

"கப்பல் வந்துச்சு. பதிலு வரலியே. இதுல இன்னா தப்பு கீது?"

மூன்று நாள் அவன் கடையில் டீ குடிக்கவில்லை.

உடனே மாற்று. இல்லையென்றால் என் பெயரை அந்தப் பட்டியலில் போடாதே. திருடிய வீட்டின் வாசலில் வீட்டுக்காரன் பெயரை எழுதிவைப்பது என்ன நியாயம்?

அரிகிருஷ்ணன்

*

மால்மோ,
2 ஜூன் 2025

சித்தப்பாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நியாயம் கேட்டீர்கள். எழுதுகிறேன்.

2023 நவம்பர் 6, திங்கட்கிழமை. காலை பத்தரைக்கு ஃபயாஸுக்கும் எனக்கும் கல்யாணப் பதிவு. மூன்று சாட்சி வேண்டும். ஃபயாஸின் அப்பா ஒன்று, அத்தா என்றுதான் நானும் கூப்பிடுகிறேன். என் தோழி உதயா ஒன்று. மூன்றாவது நீங்கள். நான் கேட்கவில்லை, நீங்களே சொன்னீர்கள். "ஊர்ல இருக்கிறவன் கல்யாணத்துக்கெல்லாம் போட்ட கை இது, உனக்குப் போடாம யாருக்குப் போடப்போறேன்?" அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அப்பாவை எதிர்த்துக்கொண்டு வந்தேன். என் வீட்டிலிருந்து ஒருத்தர் வந்தால் போதும் என்று நினைத்தேன்.

உங்கள் கடை ஷட்டர் மூடியிருந்தது. போன் அணைந்திருந்தது. பதினொன்றே காலுக்கு எங்கள் பெயரை இரண்டாவது தடவை கூப்பிட்டார்கள். தனசிங் அண்ணன் கொதிக்கிற பாலை அடுப்பில் விட்டுவிட்டு ஓடிவந்து கையெழுத்துப் போட்டார். என் பெயர்கூட அவருக்குச் சரியாகத் தெரியாது. "பாப்பா பேரு இன்னாம்மா?" என்று கேட்டுக்கொண்டு போட்டார்.

மறுநாள் உங்கள் செய்தி வந்தது. தாம்பரம் மேம்பாலத்தில் தர்பூசணி லாரி கவிழ்ந்து ரோடெல்லாம் சிவப்பாறு ஓடியது, நீந்தக்கூட முடியவில்லை என்று. நவம்பரில் தர்பூசணி. செம்பாக்கத்திலிருந்து கடைக்கு வர மேம்பாலம் எதற்கு?

அப்புறமும் மூன்று கடிதம் போட்டேன். மூன்றிலும் ஏன் என்று மட்டும்தான் கேட்டேன். நீங்கள் ஒரு வருஷம் கழித்து ஒரு மாட்டை அனுப்பினீர்கள்.

விதியை நான் திருடவில்லை. திருப்பினேன். யார் செய்ததை வைத்து என்று உங்களுக்கே தெரியும்.

வினிதா

*

செம்பாக்கம்,
24 ஜூன் 2025

வினிதாவுக்கு,

முழங்கால் வீங்கியிருக்கிறது. நீ நலமா?

உன் கடிதம் நெருப்பு மாதிரி வந்து விழுந்தது. தபால்காரர் இடுக்கியில் பிடித்துக் கொடுத்தார். நீயும் நம் குடும்பத்துக் கோபக்காரி என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் நடந்தது என்ன என்று தெரியாமல் பேசக்கூடாது.

லாரி விஷயம், ஒப்புக்கொள்கிறேன், கொஞ்சம் ஜோடனை. உண்மை என்னவென்றால் அன்று விடியற்காலையிலிருந்தே எனக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் இல்லை. வைத்த தெர்மாமீட்டர் வெடித்து, பாதரசம் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டர் என்னைத் தொட்டுவிட்டுத் தன் கையில் பர்னால் களிம்பு தடவிக்கொண்டார். நினைவில்லாமல் கிடந்தவன் எப்படிக் கையெழுத்துப் போடுவான்? உன்னைக் கலங்கடிக்க வேண்டாம் என்றுதான் லாரியைக் கவிழ்த்தேன்.

ஒரு மனுஷன் ஒரு நாள் வரவில்லை என்பதற்காக அவனை உலகம் பூராவும் ஆடுகிற ஆட்டத்தில் வில்லனாகப் போடுவாயா? சின்ன வயசில் உனக்குத் தோற்றுக்கொடுத்தவன் நான். எண்ணிப்பார். பழசைக் கிளறாமல் விதியை மாற்று.

சித்தப்பா

*

மால்மோ,
15 ஜூலை 2025

சித்தப்பாவுக்கு,

உங்கள் செருப்பு ஷட்டருக்கு வெளியே இருந்தது. இடது கால் வாரில் நீலக் கம்பி போட்டுத் தைத்த செருப்பு. கடைக்குள் நீங்கள் செருப்போடு போனதே இல்லை, லேமினேஷனில் தூசு ஒட்டும் என்று.

நான் மூன்று தடவை ஷட்டரைத் தட்டினேன். அப்புறம் செருப்பைப் பார்த்தேன். அதற்கு மேல் தட்டவில்லை.

ஃபயாஸிடம்கூட இதை நான் சொன்னதில்லை.

இனிமேல் நான் எழுத மாட்டேன்.

வினிதா

*

செம்பாக்கம்,
21 செப்டம்பர் 2025

திருமதி வினிதாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும்.

பதினோராம் தேதி ஆட்டம் வந்தது. ஏழு மாதம் காத்திருந்தேன். நான் பூமியாக ஆடினேன். நாற்பதாவது டர்னில், இரண்டு சூரியன் இருக்கிற கிரகத்திலிருந்து கடித உறை வந்தது. 3 என்று காட்டியது. பதில் என்கிற பொத்தான் பக்கத்திலேயே இருந்தது. அமுக்கவில்லை. என்ன ஆகும் என்று பார்க்க நினைத்தேன். 2 வந்தது. 1 வந்தது. குண்டு வெடிக்கும், போர் வரும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. வரைபடத்தில் அந்தக் கிரகத்தின் பெயர் வேறு நிறமாக மாறியது. அவ்வளவுதான். அடுத்த டர்ன் வந்தது.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன்.

அன்று நான் கடைக்குள்தான் இருந்தேன். முதல் நாள் உன் அப்பா வந்தார். கடை அவர் பெயரில் இருக்கிறது, உனக்குத் தெரியும். "நாளைக்கு நீ கையெழுத்துப் போட்டா, சாவிய வெச்சிட்டுப் போய்க்கினே இரு" என்றார். காலையில் வழக்கம்போல வந்து, உள்ளே போய், ஷட்டரை இழுத்துவிட்டேன். செருப்பை மறந்துவிட்டேன். கீழே விரலகல இடைவெளியில் உன் கால் தெரிந்தது. நீ தட்டினாய். நான் ஜெராக்ஸ் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ போன பிறகும் ரொம்ப நேரம் நின்றேன். தனசிங் ஓடுகிற சத்தம் கேட்டது.

காய்ச்சல் இல்லை. லாரி இல்லை. பதில் கடிதம் எதுவும் நான் எழுதவும் இல்லை.

போன வாரம் அண்ணனிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வினிதாவுக்குக் கடுதாசி எழுதப் போறேன்ணா. அன்னிக்கு வூட்ட விட்டுக் கெளம்பி கடைக்குள்ளதான் ஒளிஞ்சிக்கினு இருந்தேன்னு எழுதப் போறேன்."

"எழுது. சாவிய வெச்சிட்டு எழுது."

"இந்தா கீது."

அவர் சாவியைப் பார்த்தார். "ரெண்டு வருசம் கழிச்சி ரோஷம் வந்துச்சா உனக்கு?"

"லேட்டாதான் வந்துச்சு."

"போய் அந்தத் துலுக்கன் வூட்லயே குந்திக்கோ."

"கூப்ட்டா போவேன்ணா. கூப்புட மாட்டாங்க."

நான் கை கழுவும்போது அண்ணி பின்னால் வந்து, "கவர ஒட்டாத. நானும் ஒரு வரி எழுதித் தரேன்" என்றார். அது இத்துடன் இருக்கிறது. நான் படிக்கவில்லை.

தனசிங் கடை பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கடையின் பாதியில் ஒரு மெஷின் போட்டுக்கொள்ளச் சொல்கிறான்.

பட்டியலில் என் பெயரைப் பார்த்தேன். எடுத்துவிடு. போட வேண்டிய இடத்தில் போடாத பெயர் அங்கே இருக்கக் கூடாது. விதியை மாற்றாதே. அது சரியாக இருக்கிறது.

அரிகிருஷ்ணன்

*

மால்மோ,
12 அக்டோபர் 2025

சித்தப்பாவுக்கு,

இங்கே நலம். இரண்டு வேளையும் சாப்பிடுகிறீர்களா என்று அம்மாவுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன், உங்கள் பதிலை நம்ப முடியாது.

எழுத மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். அம்மாவின் வரிக்காகத்தான் எழுதுகிறேன். அதில் என்ன இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

என் கோபம் போகவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் அதிகமாகத்தான் ஆனது. என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். தர்பூசணியே மேல் என்று தோன்றியது. ஃபயாஸிடம் முழுவதும் படித்துக் காட்டினேன். செருப்பைப் பற்றி ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று அவனும் என்னிடம் கோபித்துக்கொண்டான்.

பெயரை எடுக்க மாட்டேன். முதல் விதியை எழுதியது நீங்கள். அது நடந்த விஷயம். உங்களுக்கு வெட்கமாக இருக்கிறது என்பதற்காக நடந்ததை என்னால் அழிக்க முடியாது.

டிசம்பரில் இரண்டு வாரம் வருகிறோம். ராஜகீழ்ப்பாக்கத்தில் இருக்கும் வீட்டை ஃபயாஸின் அத்தா எங்கள் இருவர் பெயருக்கும் செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்கிறார். அதே ஆபீஸ். இரண்டு சாட்சி வேண்டும். ஒன்று தனசிங் அண்ணன், பேசிவிட்டேன். இந்தத் தடவை பாலை இறக்கி வைத்துவிட்டு வருகிறேன் என்று சொன்னார். இன்னொன்று யார் என்று ஃபயாஸின் அத்தா கேட்டார். உங்கள் பெயரைச் சொன்னேன். "வருவாராம்மா?" என்றார். தெரியாது என்றேன்.

டிசம்பர் 15, திங்கட்கிழமை, காலை பத்தரை. செருப்பைப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

வினிதா